கணக்கில் வராத கோப்பை – 4: பஞ்ச்குலாவில் ஒரு சென்னை

இதுவரை...

2004இல் இந்தியக் கிரிக்கெட்டின் ஒளிபரப்பு உரிமைக்கு 30 கோடி டாலருக்கும் மேல் விலை சொன்னது ஜீ தொலைக்காட்சி. அதுதான் அதிகபட்ச விலை. ஆனாலும் வழக்கு, ரத்து என்று இழுபட்டு உரிமை கைக்கு வரவில்லை. 2006இல் மறுபடியும் ஏலம். இந்த முறை 61 கோடி டாலர் கொடுத்து நிம்பஸ் நிறுவனம் தட்டிச் சென்றது.

2007 மார்ச்சில் உலகக் கோப்பை. வங்கதேசத்திடம் தோற்று, இலங்கையிடமும் தோற்று, முதல் சுற்றிலேயே ஊர் திரும்பியது இந்திய அணி. நாடே கோபத்தில் இருந்தது. ஏப்ரல் 3ஆம் தேதி, ஜீயின் அதிபர் சுபாஷ் சந்திரா ஓர் அறிவிப்பை வெளியிட்டார். ஆட்டத்தைக் காட்டும் உரிமையை எனக்குத் தர மாட்டீர்களா? சரி, ஆட்டத்தையே நான் நடத்திக்கொள்கிறேன்!

இந்தியன் கிரிக்கெட் லீக் பிறந்தது. சுருக்கமாக, ஐசிஎல்.

இனி...

கையெழுத்து

2007 ஆகஸ்ட் 20. மும்பை.

நாற்பதுக்கும் மேற்பட்ட இந்திய வீரர்களின் பெயர்ப் பட்டியலை ஐசிஎல் வெளியிட்டது. பிரையன் லாரா, இன்சமாம் உல் ஹக் போன்ற வெளிநாட்டுப் பெயர்கள்தான் மறுநாள் தலைப்புச் செய்தி ஆயின. ஆனால் இந்தியக் கிரிக்கெட் வாரியத்தை உலுக்கியது அந்தப் பெயர்கள் அல்ல. லாரா ஓய்வு பெற்றுவிட்டவர். இன்சமாமும் கிட்டத்தட்ட வெளியேறும் வாசலில் நின்றவர். அவர்கள் எங்கே ஆடினால் யாருக்கு என்ன?

உலுக்கியது உள்ளூர்ப் பெயர்கள். 2004இல் பத்தொன்பது வயதுக்கு உட்பட்டோர் உலகக் கோப்பையில் இந்தியாவுக்குத் தலைமை தாங்கிய அம்பட்டி ராயுடு, ரஞ்சிக் கோப்பையில் ஆண்டுக்கணக்கில் உழைத்தவர்கள், மாநில அணியின் வாசலில் காத்திருந்தவர்கள். அந்த வரிசையில் தமிழ்நாட்டுப் பையன்களும் கணிசமாக இருந்தார்கள்.

ஹேமங் பதானி அவர்களில் தெரிந்த முகம். நான்கு டெஸ்ட், நாற்பது ஒருநாள் ஆட்டங்கள் ஆடிய இடக்கை மட்டையாளர். 2001இல் புனேயில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராகச் சதம் அடித்தவர். தமிழ்நாடு 2002–03, 2003–04 என்று அடுத்தடுத்து இரண்டு முறை ரஞ்சி இறுதியாட்டத்துக்குப் போய் மும்பையிடம் தோற்ற காலத்தின் ஆட்டக்காரர். 2004க்குப் பிறகு இந்திய அணி அவரை அழைக்கவில்லை. இப்போது வயது முப்பது.

வேகப்பந்து வீச்சாளர் திருநாவுக்கரசு குமரன் இன்னொருவர். 1999–2000இல் இந்தியாவுக்காக எட்டு ஒருநாள் ஆட்டங்கள் ஆடியவர். அதற்கப்புறம் கதவு திறக்கவே இல்லை.

மற்றவர்களைச் சென்னை லீக் பார்ப்பவர்களுக்குத்தான் தெரியும். ஆர். சதீஷ், ஜி. விக்னேஷ், வி. தேவேந்திரன்... இந்திய அணியின் சட்டையை ஒருமுறைகூடப் போடாதவர்கள். கையெழுத்துப் போட்டதில் அதிகம் பணயம் வைத்தவர்களும் இவர்கள்தான்.

ஏன் என்று புரிய வேண்டுமானால், சேப்பாக்கத்தைச் சேப்பாக்கத்திலிருந்து பார்க்கக் கூடாது. குமாரலிங்கபுரம் மாதிரி ஒரு கரிசல் கிராமத்திலிருந்து பார்க்க வேண்டும்.

ஏணி

அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்தில் மழைக்காலத்தில் பந்து உருளாது. கரிசலில் கால் வைத்தால் செருப்போடு ஒட்டிக்கொள்ளும். கண்மாய் வற்றி மண் வெடித்த பிறகுதான் ஆட்டம் களைகட்டும். ரப்பர் பந்து, டென்னிஸ் பந்து, சுவரொட்டி அடித்து நடத்தும் கோடைக்காலப் போட்டி, சுழற்கோப்பை. நன்றாக ஆடும் பையன் ஊருக்கு ஊர் உண்டு.

அவன் மேலே ஏற வேண்டுமானால் வழி ஒன்றே ஒன்றுதான். மேட் விரித்த ஆடுகளத்தில் ஸ்டிச் பால் ஆட்டம். அங்கிருந்து மாவட்ட அணி. மாவட்டங்களுக்கு இடையிலான போட்டியில் யாராவது ஒருவர் கண்ணில் பட வேண்டும். பட்டால் சென்னை. தமிழ்நாடு கிரிக்கெட் சங்கத்தின் லீக்கில் ஏதாவது ஒரு டிவிஷன். இந்தியா சிமெண்ட்ஸ், கெம்பிளாஸ்ட், எம்ஆர்எஃப் மாதிரி ஒரு நிறுவனத்தின் ஆதரவு. அதிலும் தேறினால் மாநில அணி.

இந்த ஏணியின் ஒவ்வொரு படியும் ஒரே சங்கத்துக்குச் சொந்தம். மாவட்டச் சங்கம் மாநிலச் சங்கத்தின் கீழ். மாநிலச் சங்கம் வாரியத்தின் கீழ். மைதானம், நடுவர், பயிற்சியாளர், தேர்வாளர், எல்லாம் அந்த வீட்டுக்குள்ளேதான். வேறு வீடு கிடையாது.

இந்திய அணிக்கு ஆடி முடித்தவருக்குப் பெயர் இருக்கிறது. தொலைக்காட்சியில் பேசலாம், பத்திரிகையில் எழுதலாம். மாநில அணியின் பதினைந்து பேரில் ஒருவராக இருப்பவருக்கு அந்த ஏணியைத் தவிர வேறு எதுவும் இல்லை. அதிலிருந்து தள்ளிவிட்டால் விழுவது நேராகத் தரையில்தான்.

அது தெரிந்துதான் கையெழுத்துப் போட்டார்கள். ஏனென்றால் ஏணியின் மேல்படியில் இடம் பதினொன்றுதான். காத்திருப்பவர்கள் ஆயிரம். ஐசிஎல் நீட்டியது பல ஆண்டு ஒப்பந்தம், நிச்சயமான சம்பளம். தேர்வாளரின் முகம் பார்த்து நிற்க வேண்டாத வாழ்க்கையை ஒரு காகிதம் வாக்களித்தபோது, முப்பதை நெருங்கும் ஆட்டக்காரர் அதை எப்படி மறுப்பார்?

இடி

வாரியம் ஒருநாள்கூடப் பொறுக்கவில்லை.

ஆகஸ்ட் 21. ஐசிஎல்லின் நிர்வாகக் குழுத் தலைவராகப் பொறுப்பேற்றிருந்த கபில்தேவ், தேசியக் கிரிக்கெட் அகாதமியின் தலைவர் பதவியிலிருந்து நீக்கப்பட்டார். 1983இல் லார்ட்ஸ் மாடத்தில் இந்தியாவின் முதல் உலகக் கோப்பையைத் தூக்கியவருக்கே இந்தக் கதி. தலைவனுக்கு இது என்றால் சிப்பாய்களுக்கு?

ஐசிஎல்லில் ஆடுபவர்கள் இந்தியாவுக்கு ஆட முடியாது. மாநிலத்துக்கும் ஆட முடியாது. வாரியத்தோடு இணைந்த எந்தச் சங்கம் நடத்தும் ஆட்டத்திலும் இடம் இல்லை. போனவர்கள் போனவர்கள்தான்.

ஐசிஎல் டெல்லி உயர் நீதிமன்றத்தின் கதவைத் தட்டியது. வாரியம் வீரர்களை மிரட்டுகிறது, பிழைப்பைத் தடுக்கிறது என்பது புகார்.

இந்த நாடகம் முப்பது ஆண்டுகளுக்கு முன்பே ஒருமுறை மேடையேறியிருந்தது. 1977இல் ஆஸ்திரேலியத் தொலைக்காட்சி அதிபர் கெர்ரி பாக்கர், ஒளிபரப்பு உரிமை மறுக்கப்பட்ட கோபத்தில் உலகின் தலைசிறந்த வீரர்களை ரகசியமாக ஒப்பந்தம் செய்தார். இங்கிலாந்து அணித் தலைவர் டோனி கிரெய்க் பதவி இழந்தார். சர்வதேச அமைப்பு தடை போட்டது. லண்டன் உயர் நீதிமன்றத்தில் 31 நாள் விசாரணை. ஒருவருடைய தொழிலை இப்படி முடக்குவது சட்டப்படி செல்லாது என்று நீதிபதி ஸ்லேட் தீர்ப்பளித்தார்.

பாக்கருக்கும் மைதானங்கள் மறுக்கப்பட்டன. அவர் கால்பந்து மைதானத்தில், வேறிடத்தில் வளர்த்த ஆடுகளத்தைக் கொண்டுவந்து பதித்து ஆட்டம் நடத்தினார். இரண்டே ஆண்டுகள். 1979 மே மாதம் ஆஸ்திரேலிய வாரியம் இறங்கிவந்தது. பாக்கர் கேட்ட ஒளிபரப்பு உரிமை அவர் கைக்குப் போனது.

அதே டோனி கிரெய்க் இப்போது ஐசிஎல்லின் நிர்வாகக் குழுவில் இருந்தார். சுபாஷ் சந்திராவின் முகாமில் இருந்த நம்பிக்கை இதுதான்: பாக்கருக்கு நடந்தது நமக்கும் நடக்கும். இரண்டு ஆண்டு தாக்குப்பிடித்தால் வாரியம் பேச்சுவார்த்தைக்கு வரும்.

கணக்கு தப்பவில்லை. எதிராளியைத்தான் குறைவாக எடைபோட்டுவிட்டார்கள்.

இரண்டு தேதிகள்

இந்தத் தொடரின் திருப்புமுனை எது என்று கேட்டால், நான் சொல்வது எந்த ஐசிஎல் ஆட்டத்தையும் அல்ல. 2007 செப்டம்பரின் இரண்டு தேதிகளை.

முதலாவது, செப்டம்பர் 13. வாரியத்தின் துணைத் தலைவர்களில் ஒருவரான லலித் மோடி டெல்லியில் ஓர் அறிவிப்பு செய்தார். நகரங்களின் பெயரில் அணிகள், வெளிநாட்டு நட்சத்திரங்கள், இருபது ஓவர் ஆட்டம். இந்தியன் பிரீமியர் லீக். ஐசிஎல் என்ன செய்யப்போவதாகச் சொல்லியிருந்ததோ, அதையே வாரியத்தின் முத்திரையோடு செய்யப்போவதாக அறிவிப்பு.

லலித் மோடி தொண்ணூறுகளிலேயே இப்படியொரு லீக்குக்கு யோசனை சொன்னவர்தான். அப்போது வாரியம் காதுகொடுக்கவில்லை. அன்று சொன்னபோது கேட்காத வாரியம், எதிரி செய்யத் தொடங்கியதும் கேட்டது.

இரண்டாவது, செப்டம்பர் 24. ஜோகன்னஸ்பர்க். கடைசி ஓவர். ஜோகிந்தர் சர்மா வீசிய பந்தை மிஸ்பா உல் ஹக் பின்பக்கமாகத் தூக்க, ஸ்ரீசாந்த் கையில் விழுந்தது. ஐந்து ரன் வித்தியாசத்தில் இந்தியா முதல் இருபது ஓவர் உலகக் கோப்பையை வென்றது.

அந்தப் போட்டிக்குப் போகும் முன் இந்தியா ஆடியிருந்த சர்வதேச இருபது ஓவர் ஆட்டம் ஒன்றே ஒன்று. இந்த ஆட்டத்தில் வாரியத்துக்கே நம்பிக்கை இல்லை. சச்சின், டிராவிட், கங்குலி யாரும் போகவில்லை. நீளமுடி இளைஞர் தோனியின் தலைமையில் ஓர் இளைய அணி போனது. ஒரே இரவில் நாடு முழுவதும் இருபது ஓவர் ஆட்டத்தின் மீது காதல் கொண்டது.

பாக்கரின் எதிரிகளிடம் பழைய ஆட்டம் மட்டும்தான் இருந்தது. புதிய ஆட்டம் பாக்கரின் கையில். வண்ணச் சட்டை, இரவு வெளிச்சம், வெள்ளைப் பந்து. அதனால் அவரோடு சமரசம் செய்யாமல் அவர்களால் பிழைக்க முடியவில்லை. சந்திராவின் எதிரியோ பதினொரு நாளில் புதிய ஆட்டத்தையும் தன் கைக்குள் கொண்டுவந்துவிட்டது. புதிய லீக்கும் அவர்களுடையது, புதிய நாயகர்களும் அவர்களுடையவர்கள்.

சமரசத்துக்கான காரணம் அன்றே மறைந்துவிட்டது. ஆனால் கையெழுத்துப் போட்டவர்களுக்கு அது இன்னும் தெரியாது. அவர்கள் பயிற்சியில் இருந்தார்கள்.

சொந்த ஊர் இல்லாத அணிகள்

ஆறு அணிகள். சென்னை சூப்பர்ஸ்டார்ஸ், மும்பை சாம்ப்ஸ், டெல்லி ஜெட்ஸ், கொல்கத்தா டைகர்ஸ், ஹைதராபாத் ஹீரோஸ், சண்டிகர் லயன்ஸ். பெயர்களில் ஊர் உண்டு. ஊரில் மைதானம் இல்லை.

பெரிய கிரிக்கெட் மைதானங்கள் எல்லாம் மாநிலச் சங்கங்களின் பிடியில். சேப்பாக்கம், வாங்கடே, ஈடன் தோட்டம், எதுவும் கிடையாது. அன்றைய ரயில்வே அமைச்சர் லாலு பிரசாத் யாதவ், வேண்டுமானால் ரயில்வே மைதானங்களைத் தருகிறேன் என்றார். கடைசியில் கைகொடுத்தது ஹரியானா. சண்டிகரை ஒட்டிய பஞ்ச்குலாவில் அரசுக்குச் சொந்தமான தாவ் தேவிலால் மைதானம். முதல் போட்டியின் அத்தனை ஆட்டமும் அந்த ஒரே மைதானத்தில்.

இப்படித்தான், சென்னை என்று பெயர் வைத்த ஓர் அணி, சென்னையிலிருந்து இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால், வட இந்தியக் குளிரில் பிறந்தது. கடைசிவரை அது சேப்பாக்கத்தில் ஒரு பந்துகூட வீசியதில்லை.

அணியின் பட்டியலை இன்று எடுத்துப் பார்த்தால் ஓர் ஒற்றுமை தெரியும்.

தலைவர், ஆஸ்திரேலியாவின் ஸ்டூவர்ட் லா. 1995இல் பெர்த்தில் இலங்கைக்கு எதிராக ஒரே ஒரு டெஸ்ட் ஆடினார். ஆட்டமிழக்காமல் 54. அதன் பிறகு அழைப்பே இல்லை. ஒருமுறைகூட ஆட்டமிழக்காமலேயே அவருடைய டெஸ்ட் வாழ்க்கை முடிந்துபோனது.

பயிற்சியாளர் மைக்கேல் பெவன். 1996 புத்தாண்டு நாளில் சிட்னியில் கடைசிப் பந்தில் நான்கு அடித்து மேற்கிந்தியத் தீவுகளை வீழ்த்தியவர். ஒருநாள் ஆட்டத்தில் அவருக்கு நிகர் இல்லை என்பார்கள். டெஸ்ட்டில் நிலைக்க விடவில்லை.

இயான் ஹார்வி. 73 ஒருநாள் ஆட்டங்கள். டெஸ்ட் ஒன்றுகூட இல்லை. ஆனால் தொழில்முறை இருபது ஓவர் ஆட்டத்தின் முதல் சதம் இவருடையது. 2003இல் குளோஸ்டர்ஷயருக்காக அடித்தது.

கிறிஸ் ரீட், கையுறைத் திறமையில் குறை காண முடியாத இங்கிலாந்து விக்கெட் கீப்பர். மட்டை பிடிப்பவர் வேண்டும் என்று ஓரங்கட்டப்பட்டவர். ரசல் பிரேமகுமாரன் அர்னால்ட், இலங்கை அணியின் தமிழர். அந்த ஆண்டு உலகக் கோப்பையோடு சர்வதேச ஆட்டத்துக்கு விடை கொடுத்துவிட்டு வந்தவர்.

அப்புறம், ஷபீர் அகமது. பாகிஸ்தானின் உயரமான வேகப்பந்து வீச்சாளர். பத்தே டெஸ்ட்டில் 51 விக்கெட். ஆனால் பந்துவீசும் முறை விதிக்கு முரணானது என்று 2005 டிசம்பரில் ஓராண்டுத் தடை. அதோடு அவருடைய டெஸ்ட் கணக்கு நின்றுபோனது.

இவர்களோடு பதானி, குமரன், சதீஷ், விக்னேஷ். ஏறக்குறைய எல்லோரும் ஏதோ ஒரு தேர்வுக் குழுவால் போதும் என்று அனுப்பப்பட்டவர்கள். ஒரே அறையில் இத்தனை பேர் சேர்ந்தால் இரண்டில் ஒன்று நடக்கும். புலம்பல், அல்லது வெறி.

டிசம்பர் 16

நவம்பர் 30ஆம் தேதி போட்டி தொடங்கியது. முதல் நாளிலிருந்தே மைதானத்துக்கு வெளியே ஒரு கேள்வி: இதை யார் பார்க்கப்போகிறார்கள்? ஜீயின் தொலைக்காட்சிகள் காட்டின. பல பத்திரிகைகள் ஓரத்தில் நாலு வரி போட்டன. சர்வதேசக் கிரிக்கெட் கவுன்சில் அங்கீகாரம் தரவில்லை.

பதினேழாவது நாள் இறுதியாட்டம். சென்னை சூப்பர்ஸ்டார்ஸ், சண்டிகர் லயன்ஸ். ஆறு அணிகளில் சொந்த ஊரில் ஆடும் வரம் பெற்ற ஒரே அணி சண்டிகர்தான். தலைவர் கிறிஸ் கெய்ன்ஸ், நியூசிலாந்தின் மாபெரும் ஆல்ரவுண்டர். கூட தினேஷ் மோங்கியா. கூட்டம் முழுக்க அவர்கள் பக்கம்.

வெல்பவருக்குப் பரிசு பத்து லட்சம் டாலர். அன்றைய மதிப்பில் ஏறக்குறைய நான்கு கோடி ரூபாய். உள்ளூர் ஆட்டக்காரர்கள் அதுவரை நினைத்தும் பார்க்காத தொகை.

சென்னை முதலில் ஆடியது. சண்டிகர் விரட்டியது.

விரட்டும் அணிக்கு இருபது ஓவர் ஆட்டம் நீண்ட நேரம் இனிமையாகவே இருக்கும். தேவைப்படும் ரன் கைக்கெட்டும் தூரத்தில்தான் தெரியும். எல்லாம் ஒரு நல்ல ஓவர் தூரத்தில். அந்த ஒரு ஓவரைத்தான் எதிரணி தரக் கூடாது.

பந்து ஷபீர் அகமதுவின் கையில்.

ஒரு விக்கெட். அடுத்த பந்து, இன்னொன்று.

மூன்றாவது பந்துக்கு அவர் ஓடி வரும்போது, பந்து வீசும் முறைக்காக உலகக் கிரிக்கெட் ஓராண்டு ஒதுக்கிவைத்த அதே கை, ஒரு கோப்பைக்கும் ஒரு நகரத்தின் பெயருக்கும் நடுவில் நின்றது.

அதுவும் விக்கெட்!

ஹாட்ரிக். இறுதியாட்டத்தில். சண்டிகரின் முதுகெலும்பு முறிந்தது. 12 ரன் வித்தியாசத்தில் சென்னை சூப்பர்ஸ்டார்ஸ் வென்றது.

இந்திய மண்ணில் நகரங்களின் பெயரில் நடந்த முதல் தொழில்முறை இருபது ஓவர் லீக்கின் முதல் வாகையர், சென்னை. தோனி வருவதற்கு முன்பு. மஞ்சள் சட்டை வருவதற்கு முன்பு. விசில் பறப்பதற்கு முன்பு.

ஏட்டில் ஏறாத ஹாட்ரிக்

இன்று இருபது ஓவர் ஆட்டத்தின் அதிகாரபூர்வச் சாதனைப் புத்தகத்தைப் புரட்டினால், எத்தனையோ சிற்றூர் மைதானங்களில் வீசப்பட்ட ஹாட்ரிக்குகள் இருக்கும். ஷபீரின் அந்த மூன்று பந்துகள் இருக்காது. ஐசிஎல் ஆட்டங்கள் அங்கீகாரம் பெறாதவை. அவற்றில் அடித்த ரன் ரன் இல்லை, எடுத்த விக்கெட் விக்கெட் இல்லை. வென்ற கோப்பையும் கணக்கில் இல்லை.

ஆனால் கண்டுபிடிப்பு மட்டும் கணக்கில் வந்தது. நகர அணிகள், நட்சத்திரக் கலவை, இரவு ஆட்டம், மூன்று மணி நேரக் கொண்டாட்டம் எல்லாம் பிழைத்தன. நடத்திக் காட்டியவர்கள் பிழைத்தார்களா என்பதுதான் கேள்வி.

விளையாட்டு உலகில் இது புதிதல்ல. அமெரிக்கக் கூடைப்பந்தில் 1967 முதல் 1976 வரை ஏபிஏ என்று ஒரு போட்டி லீக் இருந்தது. பெரிய லீக்கான என்பிஏவுக்கு எதிராகத் தொடங்கப்பட்டது. சிவப்பு, வெள்ளை, நீலப் பந்து. தூரத்திலிருந்து போட்டால் மூன்று புள்ளி. வளையத்தில் பந்தை அறையும் போட்டி. பெரியவர்கள் இவற்றைச் சர்க்கஸ் என்றார்கள். 1976இல் லீக் முடிந்தது. நான்கு அணிகளை என்பிஏ சேர்த்துக்கொண்டது. மூன்றே ஆண்டில் மூன்று புள்ளிக் கோட்டையும் எடுத்துக்கொண்டது. இன்று அந்தக் கோடு இல்லாமல் கூடைப்பந்து இல்லை.

சேர்த்துக்கொள்ளப்படாத அணிகளில் ஒன்று செயின்ட் லூயிஸ் ஸ்பிரிட்ஸ். அதன் முதலாளிகளான சில்னா சகோதரர்கள், அணியை மூடுவதற்குப் பணத்தோடு இன்னொன்றையும் எழுதி வாங்கினார்கள். சேர்ந்த நான்கு அணிகளின் தொலைக்காட்சி வருமானத்தில் ஏழில் ஒரு பங்கு, காலம் உள்ளவரை. அந்த ஒரு வரி பல ஆண்டுகள் பணமாய்க் கொட்டியது. 2014இல் அதை முடித்துவைக்க என்பிஏ 50 கோடி டாலர் கொடுக்க வேண்டியிருந்தது.

செத்த அணியின் முதலாளி செல்வந்தர் ஆனார். அதில் ஓடி ஆடிய பலருக்கு வயதான காலத்தில் ஓய்வூதியத்துக்கே போராட வேண்டியிருந்தது.

லீக்குகள் சாகும்போது யோசனை ஒருவரிடம் போகிறது. பணம் இன்னொருவரிடம். தண்டனை மட்டும் ஆடியவர்களிடம் தங்குகிறது. பஞ்ச்குலாவில் கோப்பையைத் தூக்கியபோது சென்னைப் பையன்களுக்கு இந்தக் கதை தெரிந்திருக்க நியாயமில்லை. ஆனால் அவர்கள் அதற்குள்தான் நின்றுகொண்டிருந்தார்கள்.

இன்னொரு சென்னை

கோப்பையோடு திரும்பியவர்களுக்கு ஐந்தே வாரம் கிடைத்தது.

2008 ஜனவரி 24. ஐபிஎல் அணிகள் ஏலம். சென்னை அணியை 9 கோடியே 10 லட்சம் டாலருக்கு இந்தியா சிமெண்ட்ஸ் வாங்கியது. அதன் நிர்வாக இயக்குநர் என். சீனிவாசன், தமிழ்நாடு கிரிக்கெட் சங்கத்தின் தலைவர். அதே நேரத்தில் வாரியத்தின் பொருளாளர்.

ஏணியை நினைத்துப் பாருங்கள். மாவட்டத்திலிருந்து வரும் பையனைச் சேர்க்கும் லீக், அவனுக்கு வேலை தரும் நிறுவனம், மாநில அணி, தடை போட்ட வாரியம், இப்போது புதிய சென்னை அணி. எல்லாப் பாதையும் ஒரே வாசலில் போய் முடிந்தது. அந்த வாசல்தான் சூப்பர்ஸ்டார்ஸ் ஆட்டக்காரர்களுக்குப் பூட்டப்பட்டிருந்தது.

பிப்ரவரி 20. வீரர்கள் ஏலம். தோனிக்கு 15 லட்சம் டாலர். சூப்பர்ஸ்டார்ஸ் அணி மொத்தமும் சேர்ந்து வென்ற பரிசைவிட ஒன்றரை மடங்கு, ஒரே ஆட்டக்காரருக்கு, ஒரு பருவத்துக்கு.

முந்தின ஆகஸ்ட்டில் ஐசிஎல்லின் ஒப்பந்தம் துணிச்சலானவர்களின் லாபமாகத் தெரிந்தது. ஆறு மாதத்தில் அதன் பொருளே மாறிவிட்டது. பொறுத்திருந்தவர்களுக்குக் கதவு திறந்தது. முன்னால் குதித்தவர்கள் வெளியே நின்றார்கள். ஆறு மாதம் முன்னால் பிறந்த யோசனைக்கும் ஆறு மாதம் பின்னால் பிறந்த யோசனைக்கும் வித்தியாசம் ஆட்டத்தில் இல்லை, அனுமதியில் இருந்தது.

ஏப்ரல் 18இல் ஐபிஎல் தொடங்கியது. சேப்பாக்கத்தில் விளக்குகள் எரிந்தன. சென்னை என்று கத்த ஒரு கூட்டம் கிடைத்தது. அந்தக் கூட்டம் கத்தியது வேறு சென்னைக்கு.

ஐசிஎல்லும் விட்டுக்கொடுக்கவில்லை. அதே ஆண்டு லாகூர் பாத்ஷாஸ், அகமதாபாத் ராக்கெட்ஸ் என்று அணிகளைக் கூட்டியது. பிறகு டாக்காவிலிருந்தும் ஓர் அணி வந்தது. அதில் சேர்ந்த வங்கதேச வீரர்களுக்கு அவர்களுடைய வாரியம் பத்தாண்டுத் தடை போட்டது. நியூசிலாந்தின் அதிவேகப் பந்து வீச்சாளர் ஷேன் பாண்ட் தன் நாட்டு ஒப்பந்தத்தையே இழந்தார். தடைகளின் பட்டியல் நீண்டது. ஆனாலும் ஆட்டம் நடந்தது, ஏனென்றால் சம்பளம் வந்தது.

அதுவரைக்கும்.

2008 செப்டம்பரில் நியூயார்க்கில் லேமன் பிரதர்ஸ் வங்கி சரிந்தது. விளம்பரப் பணம் உலகெங்கும் வறண்டது. நவம்பர் 26ஆம் தேதி இரவு, மும்பையில் துப்பாக்கிகள் வெடித்தன. அப்போது நடந்துகொண்டிருந்த ஐசிஎல் போட்டி பாதியில் நிறுத்தப்பட்டது. பாகிஸ்தான் வீரர்களை வைத்து இந்தியாவில் ஆட்டம் நடத்துவது இனி நடவாத காரியம். அப்புறம் ஆட்டக்காரர்களின் சம்பளம் தாமதமாகத் தொடங்கியது. முதலில் சில வாரம். பிறகு பல மாதம்.

வாரியத்தின் தடையைத் தாங்கிக்கொள்ள அவர்களுக்கு இருந்த ஒரே பிடிமானம் அந்த ஒப்பந்தம். அதில் எழுதிய பணமே வராமல் நின்றபோது, அவர்கள் யாரிடம் போய் நிற்பார்கள்? அழைத்துவந்த முதலாளியிடமா, விரட்டிய வாரியத்திடமா? வாரியத்திடம் போனால், அது என்ன விலை கேட்கும்?

(தொடரும்)